எவ்வளவு கருப்போ அவ்வளவு குளிர்ச்சியா?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: ஹால் ஜன்னல் மேற்கு பார்த்தது, மதியம் 3 மணிக்கு மேல் உட்கார முடியவில்லை, கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்பு ஃபிலிமில் 5 சதவீதம் போடுங்கள், கருப்பு கூடக்கூடக் குளிர்ச்சி என்கிறார், போடலாமா?

வேண்டாம். அந்த 5, உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு; சூட்டின் அளவு இல்லை. வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய மலிவுக் கருப்பு ஃபிலிம் வெளிச்சத்தைத் தடுக்கிற அளவுக்கு அதைத் தடுக்காது, பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு 35 போதும், ஜன்னலோரம் செடி இருந்தால் 50, அகச்சிவப்பையும் தடுக்கும் செராமிக் வகையாக வாங்குங்கள்.

அப்புறம் அந்த பல்பு வித்தை. கடையில் ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டு ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள், சூடே தெரியாது, நீங்களும் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுவீர்கள். பல்பு வெயில் ஆகுமா? கேட்க வேண்டியது, மொத்த சூரிய வெப்பத்தில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கும் என்பதுதான். டிஎஸ்இஆர் என்பார்கள். 50க்கு மேல் இருந்தால் சரி, கேள்வியே புரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். காருக்கு வாங்கி மிஞ்சிய ரோலை 'இம்போர்ட்டட்' என்று வீட்டில் ஒட்டி, ஊதா நிறமாகிப் போன ஜன்னல்கள் எத்தனையோ உரித்திருக்கிறேன். பில்லில் ஃபிலிமின் மாடல் பெயரை எழுதச் சொல்லுங்கள், முகம் மாறும் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை, இரட்டைக் கண்ணாடி, அதாவது நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி வைத்த ஜன்னல். ராத்திரி செல்போன் டார்ச்சைச் சாய்த்துக் காட்டினால் ஒற்றைக் கண்ணாடியில் இரண்டு ஒளிப்புள்ளி, இரட்டையில் நான்கு தெரியும். நான்கு என்றால் உள்பக்கம் கருப்பு ஃபிலிம் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஃபிலிம் சூட்டை இழுத்து கண்ணாடியின் நடுப்பகுதி கொதிக்கும், ஃபிரேமுக்குள் இருக்கும் ஓரம் அவ்வளவு சூடாகாது, அந்த வித்தியாசத்திலேயே விரிசல் விடும். பாதி நிழல் விழும் ஜன்னல் என்றால் இன்னும் மோசம். வெளிப்பக்கம் ஒட்டும் ஃபிலிம் தனியாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

மேற்குச் சுவரில் சன்ஷேடு இல்லாமல் ஆளுயரக் கண்ணாடி வைத்துக் கட்டுகிறார்கள், பிளான் அப்ரூவலில் நிழல் எங்கே என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் தலையில் விடிகிறது.

முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஃபிலிம் பகலில்தான் மறைக்கும், ராத்திரி விளக்கு எரிந்தால் தெருவுக்கே உங்கள் ஹால் தெரியும். திரை வேண்டும்.

முழு ஜன்னலுக்குப் பேசுவதற்கு முன் ஃபிலிமில் ஒரு கையளவு துண்டு வாங்கிக் கண்ணாடியில் டேப் போட்டு, சாயங்காலம் 4 மணிக்கு அதன் பின்னால் கையை வைத்துப் பாருங்கள்.