போர்ட் திறக்கிறது, பதில் வரவில்லை: மாட்யூல் எரிந்துவிட்டதா?

கேள்வி: தொண்டி அருகே இறால் பண்ணை வைத்திருக்கிறேன். குளத்து நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க, இபைட் நிறுவனத்தின் இ32 வகை லோரா மாட்யூல்கள் (ரேடியோ அலையில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் சிறு பலகைகள்) இரண்டு வாங்கினேன். செட்டிங் மென்பொருளில் போர்ட் (கணினியின் இணைப்பு வாயில்) திறந்துவிட்டதாகக் காட்டுகிறது. மாட்யூலின் விவரங்களைப் படிக்கச் சொன்னால் பதில் இல்லை என்கிறது. எரிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். போர்ட் திறந்தது என்ற செய்தியை மாட்யூல் அனுப்பவில்லை. உங்கள் கணினி, அதற்கும் மாட்யூலுக்கும் நடுவே இருக்கும் யுஎஸ்பி மாற்றியோடு பேசிவிட்டது என்பதுதான் அதன் பொருள். மாட்யூலைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் போர்ட் திறக்கும். எந்தச் செய்தி வந்தாலும் அதைச் சொன்னது கணினியா, மாற்றியா, மாட்யூலா என்று முதலில் கேளுங்கள். போர்ட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், வேறொரு மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் போதும்.

பதில் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம், மாட்யூல் செட்டிங் நிலையில் இல்லாததுதான். இ32-இல் எம்0, எம்1 என்ற இரண்டு கால்களும் (இணைப்பு முனைகள்) 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையில் அது விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் மட்டுமே பேசும். ஒன்றின் டிஎக்ஸ் (அனுப்பும் கால்) மற்றதன் ஆர்எக்ஸுக்கு (பெறும் கால்) என்று கம்பிகள் மாறிமாறிப் போக வேண்டும். மாற்றியின் கிரவுண்டும் மாட்யூலின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். கடற்காற்றில் பச்சை பூத்த முனைகளைச் சுரண்டி மறுபடி பற்றவையுங்கள்.

மாற்றியின் மேல் சந்தேகமா? மாட்யூலைக் கழற்றிவிட்டு, மாற்றியின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு கம்பியால் இணைத்து, சீரியல் டெர்மினலில் (போர்ட்டுக்கு எழுத்து அனுப்பிப் பார்க்கும் மென்பொருள்) நான்கு எழுத்து தட்டுங்கள். அவை அப்படியே திரும்பி வந்தால் மாற்றி நலம்.

ஒரு செய்தி மட்டும் வேறு கதை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (இணைத்த கருவிகளின் பட்டியல்) மாற்றியின் பெயருக்குப் பதில், அதற்குள் இருக்கும் பிஎல்2303 சிப் 2012-லேயே கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், கம்பியைத் தொடாதீர்கள். பழைய சிப்பையும் அதன் போலிகளையும் புதிய டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வேண்டுமென்றே ஒதுக்குகிறது. பழைய டிரைவரைப் போட்டால் ஓடும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும் மறுபடி நின்றுவிடலாம். சிபி2102 சிப் உள்ள மாற்றி சில நூறு ரூபாய்தான், அதை வாங்கிவிடுங்கள். போலியை விற்றவன் தப்பிக்க, வாங்கிய விவசாயி தண்டனை அனுபவிக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எச்சரிக்கையும் ஆங்கிலத்தில், கையேடும் ஆங்கிலத்தில்!

எரிந்துவிட்டது என்று என்னிடம் வந்த மாட்யூல்களில் பல, எம்0, எம்1 கால்களைச் சரிசெய்ததும் பேசின. கடைக்காரரோ புதிய மாட்யூலுக்கு ஒரு விலை, செட்டிங் செய்து தர ஒரு கூலி என்று இரண்டு முறை வாங்குகிறார். மென்பொருளை உற்பத்தியாளரே இலவசமாகத் தருகிறார். அதற்குக் காசு கேட்பவரிடம் நிற்காதீர்கள்.

விவரம் படிக்கத் தொடங்கியதும் சேனலை, அதாவது மாட்யூல் பேசும் அலைவரிசையின் எண்ணைப் பாருங்கள். 868 வகை மாட்யூல் கடையிலிருந்து வரும்போது 868 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். நம் நாட்டில் உரிமம் வேண்டாத பட்டை 865 முதல் 868 வரைதான். இரண்டிலும் சேனல் எண்ணை 4 ஆக்கினால் 866-க்கு வந்துவிடும். ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஒரு மாட்யூல் பேசி, அதே கம்பியில் அதே மாற்றியில் மற்றது பேசாவிட்டால் மட்டுமே பில்லுடன் கடைக்குப் போங்கள். அவர் கண்முன்னே இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டுக் காட்டுங்கள்.