மகள் அன்ரெனா வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால்: ஒரு தாயாருக்குப் பதில்

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் அம்மையாருக்கு,

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் கற்கும் உங்கள் மகள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு, சுற்றுப்பலகையில் செப்பால் அச்சிட்ட அன்ரெனா வடிவமைப்பை எடுக்க விரும்புகிறார். மென்பொருள் தலைப்பை எடுத்தால் கொழும்பிலேயே வேலை கிடைக்குமே என்பது உங்கள் தயக்கம். உங்கள் கணக்கில் பிழையில்லை. அன்ரெனா வடிவமைப்பாளர் என்ற பெயரில் இங்கு வேலை விளம்பரங்களைக் காண்பது அரிது. தொலைபேசிச் சேவை நிறுவனங்கள் அன்ரெனாக்களை வாங்கிப் பொருத்துபவை. ஆயினும் தலைப்பைக் கைவிடுமாறு மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அதை எப்படிச் செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

இத்துறையின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் வெளியில் 12.5 சென்ரிமீற்றர், 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண எஃப்ஆர்4 சுற்றுப்பலகையில் அச்சிடும் செப்புத் தகட்டின் நீளமோ ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான். ஆனால் அத்தகடு ஒழுங்காக இயங்கும் மீடிறன் வீச்சு சில சதவீதமே என்பதால், 2400 முதல் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரையான வைஃபை பட்டைகூடப் பல வேளைகளில் அதற்குள் முழுமையாக அடங்காது. அன்ரெனாவைச் சிறிதாக்கினால் பட்டையகலத்தையோ (அது இயங்கும் மீடிறன் வீச்சையோ) வினைத்திறனையோ இழக்க நேரும் என்பதைப் பொறியியலாளர்களான வீலர் 1947இலும் சூ 1948இலும் கணித்துக் காட்டிவிட்டனர். இருந்தும், தகட்டில் பிளவுகள் வெட்டியும் பலகையின் பின்புறச் செப்புப் பரப்பான நிலத்தகட்டைக் குறுக்கியும் 3.1 முதல் 10.6 கிகாஹேர்ட்ஸ் வரை மிக அகன்ற வீச்சில் இயங்கும் சிறிய அன்ரெனாக்களை மாணவர்களும் வடிவமைக்கிறார்கள். எனினும் நிலத்தகடு குறுகியதும் அலை இருபுறமும் பரவும், அருகில் மின்கலமோ கையோ வந்தால் இயல்பு மாறிவிடும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. அன்ரெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் தெறிப்பு வரைபு −10 டெசிபெலுக்கு (பத்தில் ஒரு பங்குக்கு) கீழே அகலமாக இறங்கியிருப்பதைக் காட்டி வெற்றி என்று அறிக்கை எழுதிவிடலாம். எஃப்ஆர்4 பலகை சக்தியின் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்குவதாலும் அந்த வரைபு அழகாகத் தோன்றக்கூடும். தெறிப்பை அளக்க மலிவான கையடக்கக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் நயத்தையும் (ஒரு திசையில் அலையைக் குவித்து அனுப்பும் திறனையும்) வினைத்திறனையும் நம்பகமாக அளப்பதற்கு, சுவர்களில் அலை தெறிக்காத எதிரொலியற்ற அறை போன்ற வசதி வேண்டும். கணினியில் மாதிரியாக இயக்கிப் பார்க்கும் பாவனையாக்க மென்பொருளில் தொடங்கி அதிலேயே முடியும் செயற்றிட்டத்தை நேர்முகத் தேர்வில் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கேள்விகளில் கண்டுகொள்வர்.

பலகையை வடிவமைத்து, அச்சிட்டு, அளந்து, கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கத் தெரிந்த மாணவிக்கு அன்ரெனாவுக்கு அப்பாலும் இடமுண்டு. வானொலி மீடிறன் சுற்றுகள், இணையத்தோடு இணையும் உணரிக் கருவிகள், கருவிகள் ஒன்றையொன்று குழப்பாமல் இயங்குகின்றனவா என்று பார்க்கும் மின்காந்த ஒவ்வுமைச் சோதனை ஆகிய யாவற்றுக்கும் இதே பயிற்சிதான் அடிப்படை. அன்ரெனாவிலேயே நிலைக்க விரும்பினால் பெரும்பாலும் வெளிநாட்டுப் பட்டமேற்படிப்பே வழியாகும். அதற்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதவித்தொகையோடு கூடிய ஆய்வு இடங்களுக்கே அவர் விண்ணப்பிக்கட்டும். நிரலாக்கத்தையும் விடவேண்டியதில்லை: நூற்றுக்கணக்கான வடிவங்களைத் தானாகச் சோதிக்கும் நிரலைப் பைதனில் எழுதுவது இந்தச் செயற்றிட்டத்துக்கே உதவும், உங்கள் மென்பொருள் கவலையும் ஓரளவு தணியும்.

தலைப்பை உறுதிசெய்யுமுன் அவர் மேற்பார்வையாளரிடம் பலகையை எங்கே அச்சிடுவது, நயத்தை எங்கே அளப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்டுவரட்டும். அளவீட்டுக்கு வழியே இல்லையென்றால், அதே மேற்பார்வையாளரிடம் வானொலிச் சுற்று சார்ந்த வேறொரு தலைப்பைக் கேட்பதே சரி.