கையெழுத்து இல்லாமலே மசோதா சட்டமானது எப்படி?
அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போடாத இரண்டு மசோதாக்களில் ஒன்று சட்டமாகி, மற்றது செத்துப்போனது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அரசியலமைப்பின் 1ஆம் பிரிவு, 7ஆம் உட்பிரிவைப் பாருங்கள். அதிபருக்கு ஞாயிறு நீங்கலாக 10 நாள் அவகாசம். அதற்குள் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாவிட்டால் தானாகவே சட்டம். இடையில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கூட்டத்தொடர் முடிந்து, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் மசோதா காலி. இதுதான் பாக்கெட் வீட்டோ.

பலரும் சறுக்குவது நாள் கணக்கில்தான். செனட் (நாடாளுமன்ற மேலவை) நிறைவேற்றிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். வெள்ளை மாளிகையில் கொடுத்ததற்கு மறுநாள்தான் முதல் நாள். மசோதா நிறைவேறுவதற்கும் அங்கே கொடுப்பதற்கும் உள்ள இடைவெளி சில சமயம் வாரக்கணக்கில்கூட இழுக்கும்.

சாதாரண வீட்டோவை (அதிபர் மசோதாவை நிராகரித்துத் திருப்பி அனுப்புவதை) இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முறியடிக்கலாம் (வாக்களித்தவர்களில், மொத்த உறுப்பினர்களில் அல்ல). பாக்கெட் வீட்டோவுக்கு அந்த வழியே கிடையாது. மசோதாவைப் புதிதாகத்தான் கொண்டுவர வேண்டும்.