உப்புத் தண்ணீருக்கு எந்தக் கினோவா?

கேள்வி: திருப்புல்லாணி பக்கம் எனக்கு 2 ஏக்கர் இருக்கிறது. போர் தண்ணீரைப் பரிசோதித்ததில் உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. 7 என்று வந்தது. வாய்க்கால் கரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கினோவா என்கிற வெளிநாட்டுத் தானியப் பயிர் உப்பைத் தாங்கும் என்கிறார்களே, போடலாமா? துபாயில் இருக்கும் மச்சான் விதை கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் எந்தக் கினோவா என்று கேளுங்கள். எல்லா நெல்லும் உவரில் நின்றுவிடுமா? அது மாதிரிதான் இதுவும்.

பொலிவியாவின் தெற்கே, உயூனி உப்புப் பாலைவனத்தை ஒட்டி, 3,600 மீட்டருக்கு மேலே தலைமுறை தலைமுறையாகக் கினோவா போடுகிறார்கள். அங்கிருந்து வந்த ரகம் உத்துசாயா. டென்மார்க்கில் உருவாக்கிய குறுகிய கால ரகம் டிட்டிகாக்கா. இரண்டையும் கடல் தண்ணீரை நெருங்கும் உப்பில் வளர்த்துப் பார்த்தார்கள். இலை உணவு தயாரிக்கும் வேகம் உத்துசாயாவில் கால் பங்குதான் குறைந்தது. டிட்டிகாக்காவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஒரே பயிர்தான், ரகத்துக்கு ரகம் இவ்வளவு வித்தியாசம்.

அப்படியானால் உத்துசாயாவே போதுமே என்று தோன்றும். போதாது. அது குளிர் மலைப் பயிர். பூக்கும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்களில் மணி பிடிக்காது, கதிர் பதராகும். அதனால் உங்கள் ஊருக்கு உப்போடு வெயிலையும் சேர்த்துத் தாங்கும் ரகம்தான் வேண்டும். மச்சான் ஊரிலேயே உவர் வேளாண்மைக்கென்று ஒரு சர்வதேச ஆய்வு மையம் இருக்கிறது. பாலைவன மணலில் சோதித்து அவர்கள் தேர்ந்தெடுத்த வரிசைகளில் கியூ5 என்பது ஒன்று. தேடினால் அந்த மாதிரி விதையைத் தேடலாம். ஆனால் பெட்டியில் போட்டு விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் பயிர்த் தனிமைப்படுத்தல் சோதனையும் கட்டாயம். உள்நாட்டில் வாங்கினாலும் ரகத்தின் பெயர் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். மளிகைக் கடைக் கினோவா பெரும்பாலும் மேல்தோல் நீக்கியது, விதைக்கு அதை நம்ப வேண்டாம்.

விதை கைக்கு வந்ததும் இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்து நூறு நூறு விதை போடுங்கள். ஒன்றுக்கு மழைத் தண்ணீர், இன்னொன்றுக்கு உங்கள் போர் தண்ணீர். நல்ல விதை ஓரிரு நாளில் வெள்ளைப் புழு மாதிரி முளை நீட்டிவிடும். ஐந்தாம் நாள் இரண்டையும் எண்ணுங்கள். மழைத் தண்ணீரிலேயே பாதி வரவில்லை என்றால் விதை பழசு. நம் புழுக்கத்தில் இது சீக்கிரம் கெடும். போர் தண்ணீர்த் தட்டில் மட்டும் குறைந்தால் ரகத்தின் மேல் சந்தேகப்படுங்கள். வளர்ந்த செடி தாங்கும் உப்பை முளை தாங்காது.

அதனால்தான் விதைப்பை மழை ஓய்ந்ததும், டிசம்பர் முதல் பாதியில் வைக்கச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண் உப்பைக் கீழே இறக்கியிருக்கும், அந்த ஈரத்திலேயே முளைத்துவிடும். தை, மாசியில் பூத்து பங்குனிக்குள் அறுவடை. மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்தால் உச்சியில் ஊன்றாதீர்கள், உப்பு அங்கேதான் ஏறிச் சேரும். பக்கச் சரிவில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போதும். தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. உப்பைத் தாங்குகிற செடி அதைத் தாங்காது.

மண் பரிசோதனை செய்தீர்களா? எழுதவில்லையே. உவர் வேறு, களர் வேறு. உவரில் உப்பு அதிகம், களரில் சோடியம் அதிகம். களர் மண் காய்ந்து ஓடு கட்டினால் இந்தக் குட்டி விதையால் அதைப் பிளந்து வர முடியாது. களர் என்று வந்தால் முதலில் ஜிப்சம், வடிகால், கினோவா அப்புறம்.

களை எடுக்கும்போது கவனம். நம் சக்கரவர்த்திக் கீரை இதற்குப் பங்காளி. இளஞ்செடியில் இரண்டுக்கும் இலையில் மாவு தூவினாற்போல் இருக்கும், ஆளே குழம்பிப்போவார். வரிசையாக விதைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

இந்த வருஷம் 5 சென்ட் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மணியின் மேல்தோல் கசப்பு. தேய்த்துக் கழுவினால் சோப்பு நுரை மாதிரி வரும். அதை நீக்கித் தர ஆளும், வாங்க ஆளும் கிடைத்த பிறகு 2 ஏக்கரைப் பற்றிப் பேசலாம். அதுவரை மீதி நிலத்தில் வழக்கம்போல மிளகாயே இருக்கட்டும்.