சிப்பாய் அனுப்பிய கட்டைவிரல்

கேள்வி: முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் குண்டு மழைக்கு நடுவிலும் வீட்டுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார்கள் என்று படித்தேன். துபாயில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் என் மகனோ வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படத்தோடு முடித்துக்கொள்கிறான். கடிதத்தோடு பாசமும் போய்விட்டது, இல்லையா?
- ஒரு தந்தை, தென்காசி

பதில்: 'இல்லையா' என்று முடித்திருக்கிறீர்கள். நான் 'ஆமாம்' என்று தலையாட்ட வேண்டும் என்பது புரிகிறது. மன்னிக்கவும் ஐயா, ஆட்டுவதற்கில்லை.

பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இருந்தார்கள்தான். அந்தக் கடிதங்களைப் பேரப்பிள்ளைகள் பரணிலிருந்து இறக்கி அச்சேற்றியதால் நாம் படிக்கிறோம். ஆனால் அதே சிப்பாய்கள் லட்சக்கணக்கில் அனுப்பிய வேறொன்று இருக்கிறது. 'ஏ.2042' என்ற ராணுவப் படிவம். தபாலட்டை அளவுதான். அதில் சொல்ல வேண்டியதை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்துவிட்டது. 'நான் நலமாக இருக்கிறேன்.' 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்.' அதற்குக் கீழே 'நோய்', 'காயம்', 'தேறி வருகிறேன்'. அப்புறம் 'உங்கள் கடிதம் / தந்தி / பார்சல் கிடைத்தது', 'வாய்ப்பு கிடைத்ததும் கடிதம் எழுதுகிறேன்'. வேண்டாத வரிகளை அடித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையாவது சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்று அதன் தலையிலேயே அச்சிட்டிருந்தது. 'கண்ணே' என்று ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினாலும் அட்டை போச்சு. 'பயமாக இருக்கிறது' என்று ஒரு வரி அதில் கிடையாது. அச்சடித்தவர்களுக்கு அது தோன்றவில்லை, அல்லது நன்றாகவே தோன்றியிருக்கிறது. சிப்பாய்கள் இந்த அட்டைக்கு 'விஸ்-பேங்' என்று பெயர் வைத்தார்கள். விஸ்ஸென்று வந்து டமாரென்று வெடிக்கும் ஜெர்மன் குண்டுக்கு வைத்த அதே பெயர்.

உங்கள் மகன் அனுப்பும் கட்டைவிரலுக்கு மூத்த அண்ணன் இந்த அட்டைதான்.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்துச் சணல் கப்பலில் போய் இறங்கிய ஊர் அது. சணல் ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெண்களே அதிகம். போர் வந்ததும் மணல்மூட்டைச் சாக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. மனைவி இங்கே தறியில் நின்று நெய்தாள். புருஷன் அங்கே பிரான்ஸின் பதுங்குகுழியில் அந்தச் சாக்கில் மண் நிரப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த அச்சடித்த அட்டை வந்தால் அவள் முதலில் பார்த்தது தேதியை. அன்றைக்கு ஆள் இருந்தான். அடுத்தது கையெழுத்து. கை நடுங்கவில்லை, கையும் இருக்கிறது. இதற்கு மேல் அந்த அட்டையில் படிக்க ஒன்றுமில்லை. இதைவிட வேறெதையும் அவள் கேட்கவும் இல்லை.

சரி, நிஜக் கடிதம் எழுதினால்? அதைப் படிப்பவர் சிப்பாயின் சொந்தப் பட்டாளத்து இளம் அதிகாரி. ஊர்ப் பெயர், படை நகர்வு என்று எது இருந்தாலும் அடித்துவிடுவார். டண்டியின் 4ஆம் பிளாக் வாட்ச் பட்டாளத்தில் சிப்பாய்கள் பலர் ஆலைத் தொழிலாளிகள், அதிகாரிகளோ அதே ஊரின் வசதியான வீட்டுப் பிள்ளைகள். முதலாளி வீட்டுப் பையன் படிப்பான் என்று தெரிந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாருங்கள், எத்தனை வரி வருகிறது என்று. இதற்காகவே பச்சை உறை ஒன்று கொடுத்தார்கள். 'உள்ளே குடும்ப விஷயம் மட்டுமே' என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டு ஒட்டினால் பட்டாளத்தில் பிரிக்க மாட்டார்கள். ஆனால் போர்முனைக்குப் பின்னாலிருந்த ராணுவத் தளத்தில் பிரித்தாலும் பிரிப்பார்கள். அதுவும் அளந்துதான் கிடைத்தது. ஆகவே சாதாரணக் கடிதங்களில் என்ன இருந்தது என்றால், காலுறை வந்தது, கேக் நொறுங்காமல் வந்தது, பேன் தொல்லை தாங்கவில்லை, சிகரெட் அனுப்பு. காவியம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

பதிலுக்கு வீடு எவ்வளவு எழுதியது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் 5 ஏக்கரில் ஒரு மரக்கொட்டகை போட்டு, 2,500 பேர், பெரும்பாலும் பெண்கள், போர்முனைத் தபாலைப் பிரித்தார்கள். உச்சக்கட்டத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள். இரண்டு மூன்று நாளில் பதுங்குகுழிக்கே போய்ச் சேர்ந்துவிடும். இன்றைய கூரியர்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

1915 செப்டம்பர் 25, பிரான்ஸில் லூஸ் போர். 4ஆம் பிளாக் வாட்ச்சின் 20 அதிகாரிகளில் 19 பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். சிப்பாய்களில் பாதிக்கு மேல். அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி. சிப்பாய் இறந்தால் சாதாரணத் தபாலில் இன்னொரு அச்சடித்த படிவம். சில வீடுகளுக்கு அதற்கும் முன்னால், தாங்கள் அனுப்பிய கடிதமே உறை பிரிக்காமல் திரும்பி வந்தது. டண்டியில் குன்றின் மேலுள்ள நினைவுச் சின்னத்தில் அந்தத் தேதிக்கு இன்றும் தீபம் ஏற்றுகிறார்கள்.

அடுத்த போரில், அதாவது இரண்டாம் உலகப் போரில், இன்னும் மோசம். 1940 ஜூன் 12, பிரான்ஸில் சான் வலேரி என்ற கடற்கரை ஊரில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் 51ஆம் ஹைலேண்ட் டிவிஷன் ஜெர்மன் தளபதி ரோமலிடம் சரணடைந்தது. சுமார் 10,000 பேர் கைதி. முகாம் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் கைதியை வீட்டுக்கு ஒரு அட்டை எழுதவிட வேண்டும் என்பது 1929 ஜெனீவா ஒப்பந்தம். ஆனால் முகாம் போய்ச் சேர முதலில் வாரக்கணக்கில் நடக்க வேண்டியிருந்ததே! ஸ்காட்லாந்தின் வடக்கே எத்தனையோ வீடுகள், ஆள் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தக் கைதிகளில் ஜிம்மி அட்கின்சன் என்ற லெப்டினன்ட், பவேரியாவின் லாஃபன் முகாமில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நடனம் அமைத்தார். ஆடுபவர்கள் கைகோத்து நிற்கும்போது ஸ்காட்லாந்துக் கொடியின் பெருக்கல் குறி வரும். ஆட்ட முறையை வீட்டுக்கு எழுதி அனுப்பினார். ஜெர்மன் தணிக்கைக்காரர்கள் அதை ரகசியக் குறியீடு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 'வலது கை கொடு, சுற்றி வா' என்பதில் என்ன தேடினார்களோ! அந்த '51ஆம் டிவிஷன் ரீல்' இப்போதும் ஸ்காட்லாந்துக் கல்யாணங்களில் ஆடப்படுகிறது.

ஏ.2042 அட்டைக்குத் திரும்புகிறேன். அதன் கடைசி வரியை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். 'உங்களிடமிருந்து சமீபத்தில் / நெடுநாளாகக் கடிதமே வரவில்லை.' சிப்பாய் குறை சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே வரி அதுதான். மகன் என்ன அனுப்புகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் பதிலாக அவன் அந்தக் கட்டைவிரலை அனுப்பினான், நீங்கள் அனுப்பியது என்ன என்பதை எழுதவில்லையே ஐயா? 'குட் மார்னிங்' ரோஜாப்பூவா?