திறக்காத ஐடியூன்ஸும் தொலையாத பாடல்களும்

கேள்வி: என் அண்ணன் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிச் சேர்த்த ஒலிநாடாக்களையும், வானொலியிலிருந்து அவரே பதிவு செய்து வைத்திருந்தவற்றையும், பணி ஓய்வுக்குப் பிறகு கணினியில் ஏற்றி, ஆப்பிள் நிறுவனத்தின் பாடல் நிரலான ஐடியூன்ஸில் ராகம், இசையமைப்பாளர், ஆண்டு என்று வகைபிரித்து வைத்திருக்கிறேன். என்னுடையது விண்டோஸ் மடிக்கணினி. அண்மையில் ஏதோ ஒரு புதுப்பிப்பு முடிந்த பின், ஐடியூன்ஸ் சின்னத்தை இருமுறை தட்டினால் சுட்டி ஒரு நொடி சுழன்று நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி கூட வருவதில்லை. பழுதுபார்க்கும் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். பாடல்கள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், அங் மோ கியோ

பதில்: ஐயா, கணினியை யாரிடமும் அழிக்கக் கொடுக்காதீர்கள். ஐடியூன்ஸ் திறக்கவில்லை என்பதற்கும் பாடல்கள் அழிந்துவிட்டன என்பதற்கும் தொடர்பில்லை. பாடல்கள் தனித்தனிக் கோப்புகளாக, பெரும்பாலும் ‘மியூசிக்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஐடியூன்ஸ்’ என்ற கோப்புறையில் ‘ஐடியூன்ஸ் மீடியா’ என்ற பெயரின்கீழ் இருக்கின்றன. நீங்கள் உருவாக்கிய பாடல் பட்டியல்களும், எந்தப் பாடல் எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளும் அதன் அருகிலேயே ‘ஐடியூன்ஸ் லைப்ரரி’ என்ற பெயரில், ஐடிஎல் என்று முடியும் ஒரே கோப்பில் பதிவாகியிருக்கின்றன. நூலகத்தின் அட்டவணைப் பேழை திறக்காமல் போனாலும் அலமாரியில் புத்தகங்கள் இருக்கும் அல்லவா, அப்படித்தான்.

வேறு எதையும் தொடும் முன், அந்த ‘ஐடியூன்ஸ்’ கோப்புறை முழுவதையும் வெளியில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 256 கேபிபிஎஸ் தரத்தில் நான்கு நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 8 எம்பி இடம் பிடிக்கும். ஐயாயிரம் பாடல்கள் இருந்தாலும் 40 ஜிபிதான் வரும் என்பதால், 64 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்றே போதும். கடையில் விற்ற ஒலிநாடாவின் பாடல்களை இன்று இணையத்தில் தேடிப் பிடித்துவிடலாம். உங்கள் அண்ணன் வானொலியிலிருந்து பதிவு செய்தவற்றை எந்த இசைச் சேவையும் திருப்பித் தராது. ஆகவே இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அந்தப் பட்டியலில் ஐடியூன்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டினால், முன்பு பாதியில் சிக்கிக்கொண்ட நிரல் பின்னணியில் இருந்தபடியே புதிதாகத் திறக்க விடாமல் தடுக்கிறது என்று பொருள். ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து அதை நிறுத்துங்கள். பிறகு கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் இயக்குவது பல கணினிகளில் இதற்கு ஈடாகாது, ஏனெனில் விரைவாகத் தொடங்குவதற்காக விண்டோஸ் தன் மையப்பகுதியின் நிலையை வட்டில் சேமித்து வைத்து அதையே மீண்டும் எழுப்புகிறது. கைப்பேசி ஏதாவது கணினியில் செருகியிருந்தால் அதையும் கழற்றிவிட்டு முயலுங்கள்.

அப்போதும் திறக்கவில்லை என்றால், கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஐடியூன்ஸைத் திறந்து பாருங்கள். இது பிறர் தயாரித்த கூடுதல் செருகுநிரல்களை ஒதுக்கிவிட்டுத் திறக்கும் முறை. இப்போது திறந்தால் குற்றவாளி அந்தச் செருகுநிரல்களில் ஒன்றுதான்.

இதற்கும் அசையாவிட்டால், அடுத்த சோதனையைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் இது பழுது எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். ஷிப்ட் விசையை மட்டும் அழுத்திப் பிடித்தபடி ஐடியூன்ஸைத் திறந்தால், எந்த நூலகத்தைத் திறப்பது என்று கேட்கும் சிறு பெட்டி வரும். அதில் புதிய நூலகம் ஒன்றை உருவாக்கச் சொல்லி, ‘சோதனை’ என்று பெயரிடுங்கள். வெறுமையான நூலகத்துடன் ஐடியூன்ஸ் திறந்துவிட்டால் நிரல் நலமாக இருக்கிறது, அட்டவணையான அந்த ஐடிஎல் கோப்புதான் கெட்டிருக்கிறது. அந்தப் பெட்டியே வரவில்லை, அல்லது வந்தும் நிரல் திறக்கவில்லை என்றால் கோளாறு நிரலில் இருக்கிறது.

அட்டவணைதான் கெட்டது என்று தெரிந்தால், ஐடியூன்ஸ் கோப்புறைக்குள் ‘ப்ரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரிஸ்’ என்ற பெயரில் ஓர் உட்கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய அட்டவணையை ஆண்டு, மாதம், நாள் சேர்த்த பெயரில் இங்கே ஒதுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. ஐடியூன்ஸை மூடிவிட்டு, கெட்டுப்போன ஐடிஎல் கோப்பின் பெயருடன் ‘பழையது’ என்று சேர்த்து ஓரமாக விடுங்கள். அதை அழிக்க வேண்டாம். பிறகு தேதி இட்ட கோப்புகளில் கடைசியானதை ஐடியூன்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்து, தேதியை நீக்கி, பழைய கோப்புக்கு இருந்த அதே பெயரைக் கொடுங்கள். ஷிப்ட் விசையுடன் மீண்டும் திறந்து, இந்த அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேதிக்குப் பின் சேர்த்த பாடல்கள் மட்டும் அட்டவணையில் காணப்படா. ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘ஆட் ஃபோல்டர் டு லைப்ரரி’ வழியாக அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கோளாறு நிரலில்தான் என்றால், முதலில் அது எங்கிருந்து நிறுவப்பட்டது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது என்றால், விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று, ஐடியூன்ஸின் மேம்பட்ட தெரிவுகளில் ‘ரிப்பேர்’ என்பதை அழுத்தினாலே பல சமயம் சரியாகிவிடும். ஆப்பிள் தளத்திலிருந்து நேரடியாக இறக்கியது என்றால், ஐடியூன்ஸ், ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், ஆப்பிள் மொபைல் டிவைஸ் சப்போர்ட், பான்ஜூர், ஆப்பிள் அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற வரிசையில் இருப்பவற்றை எல்லாம் நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, புதிதாக நிறுவுங்கள். ஐடியூன்ஸை மட்டும் நீக்கிவிட்டுத் துணை நிரல்களை விட்டுவைத்தால் பழைய சிக்கல் அப்படியே தொடரக்கூடும். நிரலை நீக்குவதால் பாட்டுக் கோப்புகள் பொதுவாகப் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் விண்டோஸுக்கென ஆப்பிள் மியூசிக் என்ற தனிச் செயலியை வெளியிட்டது. வீட்டில் பிள்ளைகள் யாராவது அதை நிறுவியிருந்தால், அதன் பிறகு ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டும் ஒலிநூல்களும் மட்டுமே கிடைக்கும். பாடல்களை அந்தப் புதிய செயலியில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் ஐடியூன்ஸ் திறக்கிறது. ஆனால் பாடல்களைத் தட்டினால், அவற்றின் அருகே ஆச்சரியக்குறி தோன்றிக் கோப்பைக் காணவில்லை என்கிறது. பாடல்கள் அனைத்தும் வெளி வன்தட்டில் இருக்கின்றன. அதைத் திறந்து பார்த்தால் கோப்புகளும் இருக்கின்றன.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: வன்தட்டுக்கு விண்டோஸ் கொடுத்த எழுத்து மாறியிருக்கும். முன்பு ஈ என்ற எழுத்தில் இருந்தது, இடையில் வேறொரு தம்ப் டிரைவ் செருகியிருந்ததால் எஃப் ஆகியிருக்கலாம். அட்டவணையோ இன்னும் ஈ என்றே தேடுகிறது. பாடல்களை ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அம்மா. ஐடியூன்ஸை மூடிவிட்டு, ‘ஸ்டார்ட்’ பொத்தானை வலது சொடுக்கி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, அந்த வன்தட்டுக்குப் பழைய எழுத்தையே மீண்டும் கொடுங்கள். இனி எப்போதும் வன்தட்டைச் செருகிய பிறகே ஐடியூன்ஸைத் திறங்கள்.