டெல்டாவில் மட்டும் தகராறு செய்யும் மோட்டார்

கேள்வி: எங்கள் கதம்பை (தேங்காய் மட்டை) மில்லில் 20 எச்.பி. மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது). ஸ்டார்ட் ஆவதில் ஒரு குறையும் இல்லை. கதம்பை போட ஆரம்பித்து நாலைந்து நிமிடத்தில் ஓவர்லோடு ரிலே (கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது) விழுந்துவிடுகிறது. பேனல் அம்மீட்டர் 21 ஆம்பியர்தான் காட்டுகிறது, நேம்பிளேட்டில் 27. மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்ததும் சரி. ரிலேயையும் மாற்றியாயிற்று. காயில் கட்டக் கொடுத்துவிடலாமா?
- வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: கொடுக்காதீர்கள். காயிலோ, ஸ்டார்ட்டரிலிருந்து போகும் ஆறு வயரில் ஒன்றோ அறுந்திருந்தால், ஸ்டாரிலேயே மோட்டார் முனகிக்கொண்டு நின்றிருக்கும். மிச்சம் இருப்பது டெல்டா கான்டாக்டரும் (டெல்டா இணைப்பைச் சேர்க்கும் காந்த சுவிட்ச்) அதன் சாண் நீள இணைப்பு வயர்களும்தான்.

உங்களை ஏமாற்றுவது அந்த அம்மீட்டர். ஒரு பேஸில்தானே மாட்டியிருக்கிறது? லோடு ஓடும்போது டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) மெயின் வயர் மூன்றிலும் போடுங்கள். 21, 21, 36 என்கிற கணக்கில் வந்தால், டெல்டா கான்டாக்டரில் ஒரு போல் (மூன்று முனை ஜோடிகளில் ஒன்று) சேரவில்லை. ஒரு காயில் அந்தரத்தில் நிற்க, மற்ற இரண்டும் ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கின்றன. அவை சேரும் லைனில்தான் 36. அடுத்து, ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்: இரண்டில் 21, ஒன்றில் பூஜ்யம் காட்டும். ரிலே இருக்கும் அந்த இடத்தில் ஒரு காயிலின் கரண்ட் மட்டுமே ஓடும் என்பதால் செட்டிங் 27-இல் 0.58 பங்கு, அதாவது 16. 21 ஓடினால் விழத்தான் செய்யும். செட்டிங்கை ஏற்றி ஓட்டிவிடாதீர்கள். அப்புறம் காயில் நிஜமாகவே கருகும்.

ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பியூஸ்களைக் கழற்றி, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்த பிறகு கான்டாக்டரைத் திறங்கள். தும்புத் தூசியோ, நசுங்கிய எறும்போ முனைகளுக்கு நடுவே இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கடற்காற்றில் லக்குக்கு, அதாவது வயர் நுனியில் உள்ள உலோகக் காதுக்கு, அடியில் பச்சை பூத்து, வயர் உள்ளேயே எரிந்திருக்கவும் கூடும். வெளியே பார்த்தால் ஸ்குரூ முறுக்கியபடியே இருக்கும். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

கறுத்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம். கறுப்பு குறையல்ல, தேய்த்தால் வெள்ளிப் பூச்சுதான் போகும். குழி விழுந்திருந்தால் மூன்று போலுக்கும் கான்டாக்ட் செட்டை ஸ்பிரிங்கோடு மாற்றுங்கள். எரிந்த வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் பூசிய புது லக்கை கிரிம்ப் செய்யுங்கள் (நசுக்கிப் பொருத்துங்கள்). பிறகு அதே லோடில் மூன்று லைனிலும் சுமார் 24 வர வேண்டும்.